ஓரியோல்ஸ் இளம் வீரர்களை வளர்த்தது சரி, முடிவெடுக்க ஏன் இவ்வளவு தாமதம்?

கேம்டன்_வாசி:

நம் பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸுக்குப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஷேன் பாஸ் டாம்பா பே அணியிலிருந்து வந்துவிட்டார். பேட்டர் பீட் அலோன்சோவுக்கு 5 ஆண்டுக்கு 155 மில்லியன் டாலர். பேட்டர் டெய்லர் வார்டுக்காகப் பிட்சர் கிரேசன் ரோட்ரிகஸை ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்தாகிவிட்டது. இத்தனையும் 2025-26 குளிர்காலம் ஒன்றிலேயே. பால்டிமோர் ரசிகனாக எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இதில் பாதியை 2023 முடிந்த கையோடு செய்திருக்க வேண்டும். அதைப் பேசத்தான் இந்த இழை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 2018இல் இந்த அணி 47 ஆட்டம் வென்று 115 தோற்றது. அந்த நவம்பரில் மைக் எலியாஸ் பொது மேலாளராக வந்தார். ஹூஸ்டன் அணியில் இருந்தவர். அந்த அணி பல வருடம் அடிமட்டத்தில் கிடந்து, டிராஃப்டில் (தோற்ற அணிகள் முன்னதாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) இளைஞர்களைச் சேர்த்து, 2017இல் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்ற வழியை உள்ளிருந்து பார்த்தவர். இங்கேயும் அதே வழி. 2019இல் 108 தோல்வி, 2021இல் 110 தோல்வி. அந்த 2021 ஆகஸ்டில் தொடர்ந்து 19 ஆட்டம் தோற்றோம்.

அதற்குக் கிடைத்த பலனும் பெரிது. 2019 டிராஃப்டின் முதல் தேர்வு கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ஆட்லி ரட்ச்மன். அதே டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், 42ஆவது ஆளாக, அலபாமாவின் பள்ளி மாணவன் கன்னர் ஹெண்டர்சன். 2020இல் ஹெஸ்டன் கியர்ஸ்டாட், ஜோர்டன் வெஸ்ட்பர்க். 2021இல் கோல்டன் கவுசர். 2022இல் மறுபடியும் முதல் தேர்வு, ஜாக்சன் ஹாலிடே. ரட்ச்மன் 2022 மே 21 அன்று மேலே, அதாவது மேஜர் லீகுக்கு, வந்தார். அந்த ஆண்டு 83 வெற்றி, அடுத்த ஆண்டு 101. அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் முதலிடம்!

அப்புறம் பிளேஆஃப், அதாவது சீசனுக்குப் பின் கோப்பைக்காக ஆடும் சுற்று. டெக்சாஸ் மூன்றே ஆட்டத்தில் வெளியே அனுப்பியது. இரண்டாவது ஆட்டத்தில் ரோட்ரிகஸ் இரண்டு இன்னிங்ஸ் முடிப்பதற்குள் ஐந்து ரன் கொடுத்துவிட்டு இறங்கினார். அவர் அறிமுக ஆண்டில் இருந்த இளைஞர், அவரைக் குறை சொல்லவே மாட்டேன். குறை, பிளேஆஃபுக்குத் தகுந்த பிட்சர்கள் போதாமல் அந்த அணி அங்கே போனதில்தான்.

அந்த ஜூலையில் நாம் பிரிவின் உச்சியில் இருந்தோம். கெடு நாளில், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளில், வாங்கி வந்த பிட்சர் ஜாக் ஃப்ளாஹெர்ட்டி. இங்கே அவர் ஈ.ஆர்.ஏ. 6.75. அதாவது ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக ஏழு ரன் பக்கம் கொடுத்தார். அதே நேரம் நார்ஃபோக் டைட்ஸ், அதாவது மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே ஆடும் நம் டிரிபிள்-ஏ அணி, டிரிபிள்-ஏ தேசியப் பட்டத்தையே வென்றது. கோபி மேயோ, கானர் நோர்பி, கைல் ஸ்டவர்ஸ், ஜோயி ஓர்டிஸ், கியர்ஸ்டாட் என்று அந்த சீசன் முழுக்க அங்கே பேட்டர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மேலே இடம் இல்லை. அவர்களில் இருவரை ஒரு நல்ல பிட்சருக்கு அந்த ஜூலையிலேயே கொடுத்திருக்கலாம்.

ஒரு இளம் வீரரை வைத்து மூன்று விஷயம்தான் செய்ய முடியும். மேலே கூப்பிட்டு விளையாட விடலாம். மற்ற அணிக்குக் கொடுத்து தேவையானதை வாங்கலாம். நீண்ட ஒப்பந்தம் போட்டுத் தக்கவைக்கலாம். எலியாஸ் நான்காவது ஒன்றைச் செய்தார்: காத்திருந்தார். 2025இல் 75 வெற்றி, 87 தோல்வி என்று முடிந்ததற்கு அந்தக் காத்திருப்பு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

புதுசு_ரசிகர்:

அண்ணா, நல்ல பதிவு. நான் போன வருடம்தான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கினேன். ஒரு சந்தேகம். நல்ல பையன் என்று தெரிந்தால் உடனே மேலே கூப்பிட வேண்டியதுதானே? ஏன் மாதக்கணக்கில் மைனர் லீகில் வைத்திருக்கிறார்கள்? 40 பேர் பட்டியல், ஆப்ஷன் என்றெல்லாம் சொல்கிறார்களே, அதுவும் புரியவில்லை.

ஏட்டுக்கணக்கு:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். இந்த விதிகள் தெரியாமல் எந்த அணியின் முடிவையும் எடைபோட முடியாது.

மேஜர் லீக் அணியில் தினமும் விளையாடத் தகுதி பெற்றவர்கள் 26 பேர். அதைச் சுற்றி 40 பேர் கொண்ட பட்டியல். 40இல் இருந்து 26இல் இல்லாதவரை மைனர் லீகுக்கு அனுப்பினால் ஒரு 'ஆப்ஷன்' வருடம் செலவாகும். ஒரு வீரருக்குப் பொதுவாக மூன்று ஆப்ஷன் வருடம்தான். அது தீர்ந்தபின் கீழே அனுப்ப வேண்டுமென்றால், முதலில் மற்ற எல்லா அணிகளும் வீரர் யாரையும் ஈடாகத் தராமல் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும். ஆகவே ஒருவரை எல்லையில்லாமல் நார்ஃபோக்கில் நிறுத்தி வைக்க முடியாது.

சரி, 40இல் சேர்க்காமலே வைத்திருந்தால்? அதற்குத்தான் ரூல் 5 டிராஃப்ட். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவருக்கு ஐந்து சீசன், 19 வயதிலோ அதற்குப் பிறகோ என்றால் நான்கு சீசன். அதற்குள் 40இல் சேர்க்காவிட்டால், வேறு அணி ஒரு லட்சம் டாலர் கட்டி அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அந்த வருடம் முழுக்க 26இல் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பித் தர முன்வர வேண்டும். நம் பிட்சர் டைலர் வெல்ஸ் அப்படித்தான் மினசோட்டாவிடமிருந்து 2020 டிசம்பரில் வந்தார்.

அடுத்து சேவைக் காலம். மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு வருடக் கணக்கு. ஆறு வருடம் முடிந்தால் வீரர் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். சீசன் 172 நாளைவிடச் சில நாட்கள் நீளம் என்பதால், ஒரு புது வீரரை ஏப்ரலில் இரண்டு வாரம் தள்ளி அழைத்தால் அணிக்கு ஏறத்தாழ ஏழு வருடம் கிடைத்துவிடும். 2015இல் சிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரையன்டை அப்படித்தான் தள்ளி அழைத்தது. அவர் கணக்கு 171 நாளில் நின்றது. முறையிட்டார், 2020இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

இதைத் தடுக்க, லீகும் வீரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் இரண்டு மாற்றம் செய்தார்கள். ஒன்று, சிறந்த புதுமுக வீரருக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெற்றால், எப்போது மேலே வந்திருந்தாலும் முழு வருடக் கணக்கு. ரட்ச்மன் மே மாதம் வந்தும் 2022இல் இரண்டாமிடம் பெற்று முழு வருடம் வாங்கினார். அதனால் 2027 முடிந்ததும் அவர் கிளம்பலாம். இரண்டு, முன்னணிப் பட்டியல்களில் உள்ள இளம் வீரரைத் தொடக்கத்திலிருந்தே விளையாட விட்டு, அவர் அந்த விருதை வென்றால், அணிக்கு டிராஃப்டில் கூடுதல் தேர்வு. ஹெண்டர்சன் 2023இல் ஒருமனதாக வென்றார். 2024 டிராஃப்டில் நமக்கு 32ஆவது தேர்வு கிடைத்தது அப்படித்தான்.

புதுசு_ரசிகர்:

மிக்க நன்றி சார். இப்போதுதான் செய்தி படிக்கும்போது பிடிபடுகிறது.

மாங்குயில்77:

கேம்டன்_வாசி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. நானும் மேரிலாண்டில்தான் இருக்கிறேன், அந்த 110 தோல்வி வருடத்தில் காலியான இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவன். ஆனால் 'காத்திருந்தார்' என்று ஒரே சொல்லில் முடிப்பதை ஏற்க மாட்டேன்.

2024 பிப்ரவரி 1 அன்று பிட்சர் கார்பின் பர்ன்ஸை மில்வாக்கியிடமிருந்து வாங்கினாரே? ஓர்டிஸ், டி.எல். ஹால், ஒரு டிராஃப்ட் தேர்வு கொடுத்தோம். பர்ன்ஸ் 15 வெற்றி, 2.92 ஈ.ஆர்.ஏ. பிளேஆஃபில் கான்சாஸ் சிட்டிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்தார். நாம் பூஜ்யம் அடித்தோம். அடுத்த நாள் 2-1. அந்தத் தொடரில் தோற்றதற்குப் பிட்சரா காரணம்? இரண்டு ஆட்டத்தில் ஒரு ரன்.

அதோடு, அந்த வர்த்தகத்தின் வால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பர்ன்ஸ் 210 மில்லியனுக்கு அரிசோனா போனார், நம் பேட்டர் சாண்டான்டர் டொரான்டோ போனார். அதற்கு ஈடாக 2025 டிராஃப்டில் 30, 31ஆவது தேர்வுகள் வந்தன. 30ஆவதாக எடுத்த கேட்சர் கேடன் போடின் இப்போது பாஸுக்காக டாம்பா போய்விட்டார். பாஸ் 2028 வரை நம் கையில். ஆக, ஓர்டிஸ், ஹால் என்று தொடங்கிய கயிறு ஒரு வருட பர்ன்ஸ், மூன்று வருட பாஸ் என்று நீள்கிறது. பர்ன்ஸோ 2025 ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். அந்த 210 மில்லியனை நாம் கொடுத்திருந்தால் இங்கே என்ன பேசியிருப்போம்?

ஸ்டவர்ஸ், நோர்பி கொடுத்து பிட்சர் டிரெவர் ராஜர்ஸை வாங்கியதை எல்லோரும் திட்டினார்கள். 2024இல் வந்தவுடன் 7.11 ஈ.ஆர்.ஏ., நார்ஃபோக்குக்கே அனுப்பினார்கள். 2025இல் அவரே 18 ஆட்டத்தில் முதல் பிட்சராக இறங்கி 1.81 ஈ.ஆர்.ஏ. ஸ்டவர்ஸ் மயாமியில் ஆல்-ஸ்டார் (லீகின் சிறந்த வீரர்கள் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார், 25 ஹோம் ரன். இரண்டு பக்கமும் லாபம். நாலு மாதத்தில் ஒரு வர்த்தகத்துக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

கேம்டன்_வாசி:

மாங்குயில், பர்ன்ஸ் வர்த்தகம் நல்லது என்று நானும் சொல்கிறேன். அது 2024க்கு. என் கேள்வி, அவர் போவார் என்று முதல் நாளிலிருந்தே தெரிந்தும் 2025க்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பது.

பாருங்கள், 2025 தொடங்கும்போது பிட்சர்கள் கைல் பிராடிஷும் வெல்ஸும் முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருந்தார்கள். அது 2024 ஜூனிலேயே தெரிந்த விஷயம். வாங்கிய பிட்சர்கள் யார்? 41 வயது சார்லி மோர்ட்டன், ஒரு வருடம், 15 மில்லியன். ஜப்பானிலிருந்து 35 வயது டோமோயுகி சுகானோ, ஒரு வருடம், 13 மில்லியன். ரோட்ரிகஸும் காயத்தில் உட்கார, அவசரத்துக்குக் கைல் கிப்சன். நாலே ஆட்டம், 16.78 ஈ.ஆர்.ஏ., வெளியே அனுப்பினார்கள். மோர்ட்டன் முதல் ஏழு தோல்வியை வரிசையாக வாங்கினார். மே 17 அன்று, களத்தில் அணியை நடத்தும் மேலாளர் பிராண்டன் ஹைட் வேலை இழந்தபோது நாம் 15 வெற்றி, 28 தோல்வி. கையில் ஒழுங்கான பிட்சர்கள் இல்லாத ஒரு மேலாளரை அதற்குப் பலி கொடுத்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த 110 தோல்வியையும் அவர்தான் தாங்கினார்.

இன்னும் அடியில் போனால் டிராஃப்ட். எலியாஸ் வந்ததிலிருந்து 2025 வரை முதல் சுற்றில் ஒரு பிட்சரைக்கூட எடுக்கவில்லை. ஒருவரைக்கூட! நம்மிடம் பந்து வீசியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். ரோட்ரிகஸும் ஹாலும் முந்தைய நிர்வாகம் எடுத்தவர்கள். டீன் கிரேமர், மானி மச்சாடோவை டாட்ஜர்ஸுக்கு அனுப்பியபோது வந்தவர். பிராடிஷ், டிலன் பண்டியை ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்து வந்தவர். வெல்ஸ் ரூல் 5. கேட் போவிச், ஹொர்ஹே லோபஸுக்காக மினசோட்டா தந்தது. ராஜர்ஸ் மயாமி தந்தது. நாமே டிராஃப்டில் எடுத்து, நாமே வளர்த்து, நம் ரொட்டேஷனில் (முறைவைத்து ஆட்டங்களைத் தொடங்கும் பிட்சர்கள் வரிசை) நிலைத்த பிட்சர் என்று இந்த ஏழு வருடத்தில் ஒருவரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஏட்டுக்கணக்கு:

இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. பிட்சர்கள் உடைகிறார்கள். முதல் சுற்றில் எடுத்த பதினெட்டு வயது பிட்சர் மேலே வருவதற்குள் முழங்கை போய்விடலாம். கல்லூரியில் நன்றாக அடித்த பேட்டர் அவ்வளவு ஆபத்தில்லை. ஆகவே முதலில் பேட்டர்களைச் சேர், பிற்பாடு அவர்களைக் கொடுத்து தேர்ந்த பிட்சர்களை வாங்கு என்பது கணக்கு. கணக்கில் தப்பே இல்லை.

ஆனால் அதன் இரண்டாம் பாதியைச் செய்தால்தான் முதல் பாதிக்கு அர்த்தம். ஹூஸ்டன் என்ன செய்தது? 2017 ஆகஸ்ட் 31 இரவு, கடைசி நிமிடத்தில், மூன்று இளம் வீரர்களை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கியது. அந்த சீசனிலேயே கோப்பை. அதே பள்ளியில் படித்த எலியாஸ் 2023 ஜூலையில் ஏன் அதைச் செய்யவில்லை என்பதில் நான் கேம்டன்_வாசி பக்கம்தான்.

இடக்கை:

வர்த்தகம் பற்றியே பேசுகிறீர்கள். நான் வளர்ப்பு பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பெரிய கவலை அங்கேதான்.

மைனர் லீகில் ஓரியோல்ஸ் செய்த வேலை உண்மையிலேயே அருமை. மேட் பிளட் என்பவர் 2019இல் அதன் பொறுப்புக்கு வந்தார். பழைய முறையில் பயிற்சியாளர் மெதுவாகப் போடும் பந்தை வேலிக்கு மேல் அடித்து மகிழ்வதை விட்டு, ஆட்டத்தில் வருவதைவிடக் கடினமான பந்துகளை இயந்திரத்தில் வைத்தார்கள். பயிற்சியில் நிறைய தோற்பார்கள். எந்தப் பந்தை அடிப்பது, எதை விடுவது என்ற தீர்மானத்துக்குத்தான் முதல் மதிப்பெண். ஹெண்டர்சனையும் வெஸ்ட்பர்க்கையும் அந்த முறை பெரிய ஆட்களாக்கியது.

ஆனால் நார்ஃபோக்கிலிருந்து பால்டிமோர் வரும் அந்தக் கடைசிப் படியில் ஒவ்வொருவராகத் தடுக்கி விழுந்தார்கள். ஹாலிடே 2023இல் ஒரே வருடத்தில் நான்கு மட்டம் தாண்டினார். வயது 19. 2024 ஏப்ரல் 10 அன்று பாஸ்டனில் அறிமுகம். 34 முறை முயன்று 2 ஹிட், 18 ஸ்ட்ரைக்அவுட். பத்தே ஆட்டத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31 அன்று திரும்பி வந்து, மூன்று பேஸும் நிரம்பியிருக்க முதல் ஹோம் ரன் அடித்தார். அன்றைக்கு மைதானம் அதிர்ந்தது. மேயோ 2024 ஆகஸ்டில் வந்தார். 41 முறை முயன்று 4 ஹிட். கியர்ஸ்டாட் பாவம். டிராஃப்ட் முடிந்ததும் இதயத் தசை அழற்சி, இரண்டு வருடம் போனது. மேலே வந்து அடிக்கத் தொடங்கிய 2024 ஜூலையில் யாங்கீஸ் பிட்சர் வீசிய பந்து தலையில் பட்டது. 2025இல் மறுபடி நார்ஃபோக்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று நடந்தது. மேலே வந்தபின் ஒழுங்காக விளையாட விடவில்லை. ஒரு நாள் ஆட்டம், இரண்டு நாள் ஓய்வு, இடக்கை பிட்சர் வந்தால் உட்கார். ஸ்டவர்ஸ் இங்கே மேலும் கீழுமாக அலைந்தார். மயாமியில் தினமும் நிறுத்தினார்கள், ஆல்-ஸ்டார் ஆனார். நான் இடக்கை ஆட்டக்காரன், கல்லூரி வரை கிரிக்கெட் ஆடியவன். இன்று விளையாடுகிறோமா என்று தெரியாத பையன் எவ்வளவு இறுக்கமாக மட்டையைப் பிடிப்பான் என்று எனக்குத் தெரியும். 2023இல் 101 வெற்றி வந்ததும், ஒவ்வொரு ஆட்டமும் வெல்ல வேண்டிய ஆட்டமாகிவிட்டது. கற்றுக்கொள்ள இடம் இல்லை. அதே காரணத்தால்தான் சொல்கிறேன், விளையாட விட முடியாதவரை முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும். அது அந்தப் பையனுக்கும் நல்லது.

இன்னொன்று. ஹெண்டர்சன், கவுசர், ஹாலிடே, கியர்ஸ்டாட், ஸ்டவர்ஸ், இப்போது வந்த டிலன் பீவர்ஸ், சாமுவேல் பசாயோ, எல்லோரும் இடக்கை பேட்டர்கள். 2022இல் இடது பக்க வேலியைப் பின்னால் தள்ளி உயர்த்தி, வலக்கை பேட்டருக்கு மைதானத்தையே கடினமாக்கினார்கள். 2025க்கு முன் மறுபடி முன்னால் கொண்டுவந்தார்கள். அதற்குள் அணி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, 2025இல் இடக்கை பிட்சர்களிடம் நாம் பட்ட பாடு எல்லோரும் பார்த்ததுதான். அலோன்சோவும் வார்டும் வலக்கைக்காரர்கள் என்பது தற்செயல் இல்லை.

மாங்குயில்77:

இடக்கை, ஹாலிடே விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2025இல் அவருக்கு வயது 21. 17 ஹோம் ரன் அடித்தார், பெரும்பாலும் முதல் ஆளாக இறங்கினார். அந்த வயதில் மற்றவர்கள் கல்லூரியில் இருக்கிறார்கள். ஆனால் 'விளையாட விடாவிட்டால் கொடுத்துவிடு' என்பதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.

தெற்கு_வாசல்:

நான் அட்லாண்டாவில் இருப்பவன், பிரேவ்ஸ் ரசிகன். வெளியிலிருந்து பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. நீங்கள் இதுவரை மூன்றாவது வழியை, அதாவது நீண்ட ஒப்பந்தத்தை, பேசவே இல்லை.

எங்கள் அணி ரொனால்ட் அக்கூன்யாவை 2019 ஏப்ரலில் 8 ஆண்டு, 100 மில்லியனுக்குப் பிடித்துப்போட்டது. மைக்கேல் ஹாரிஸ் 2022 மே மாதம் மேலே வந்தார், ஆகஸ்டிலேயே 8 ஆண்டு, 72 மில்லியன். ஸ்பென்சர் ஸ்ட்ரைடருக்கு 6 ஆண்டு, 75 மில்லியன். எல்லாம் வெற்றி என்று சொல்ல வரவில்லை, காயங்கள் எங்களையும் வாட்டின. ஆனால் யார் அடுத்த ஐந்து வருடம் இருப்பார் என்று தெரிந்தால் மற்ற முடிவுகள் எளிதாகின்றன. யாரைக் கொடுக்கலாம், எந்த இடத்துக்கு ஆள் தேட வேண்டாம் என்று தெளிவு வரும்.

ரட்ச்மனுக்கும் ஹெண்டர்சனுக்கும் 2022, 2023இல் நீங்கள் ஒப்பந்தம் போடவில்லை. ரட்ச்மன் 2027க்குப் பிறகு, ஹெண்டர்சன் 2028க்குப் பிறகு சுதந்திரம். எலியாஸ் காலத்தில் இளம் வீரருக்குப் போட்ட முதல் நீண்ட ஒப்பந்தமே பசாயோவுடையது, 2025 ஆகஸ்டில் 8 ஆண்டு, 67 மில்லியன். அவர் மேலே வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த வேகம் மூன்று வருடம் முன்பே வந்திருக்கலாமே?

ஏட்டுக்கணக்கு:

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024இல் டேவிட் ரூபன்ஸ்டைன் வாங்கும்வரை அணி ஏஞ்சலோஸ் குடும்பத்திடம் இருந்தது. அந்தக் கடைசி வருடங்களில் வீரர் சம்பளத்தில் நாம் லீகின் அடித்தட்டில் இருந்தோம். அந்தச் சூழலில் நூறு மில்லியன் ஒப்பந்தம் எந்தப் பொது மேலாளராலும் முடியாது. அதோடு, ஹெண்டர்சனின் முகவர் ஸ்காட் போராஸ். போராஸின் வீரர்கள் முன்கூட்டியே கையெழுத்திடுவது அபூர்வம்.

இன்னொரு நல்ல மாற்றத்தையும் யாரும் பேசவில்லை. முந்தைய காலத்தில் ஓரியோல்ஸ் லத்தீன் அமெரிக்கப் பையன்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலியாஸ் வந்தபின்தான் அங்கே ஆள் போட்டு, டொமினிகன் குடியரசில் புதிய பயிற்சிக்கூடம் கட்டினார்கள். பசாயோ 2021 ஜனவரியில் 16 வயதில் 1.3 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தமானவர். டிராஃப்டில் எந்த இடமும் செலவாகாமல் வந்த கேட்சர். அந்த ஒரு முடிவுக்கே இந்த நிர்வாகத்துக்கு நன்றி சொல்வேன்.

கேம்டன்_வாசி:

ஏஞ்சலோஸ் காலத்தை நான் மறக்கவில்லை. அந்தக் காலத்தில்தான், 2013இல், பிட்சர் ஜேக் அரியேட்டாவைச் சிகாகோவுக்குக் கொடுத்தோம். இங்கே தடுமாறினார், அங்கே போய் 2015இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பிட்சரை வளர்க்கத் தெரியாத நோய் இந்த ஊரில் பழையது. அதனால்தான் ரோட்ரிகஸை ஏஞ்சல்ஸுக்கு அனுப்பியது எனக்குப் பயமாக இருக்கிறது. நான்கு வருடம் கையில் இருந்தவரைக் கொடுத்து, ஒரே வருடம் மீதமிருக்கும் வார்டை வாங்கியிருக்கிறோம். 36 ஹோம் ரன் அடித்தவர்தான், ஆனால் ஒரு வருடம்.

மாங்குயில்77:

ரோட்ரிகஸ் 2025 முழுக்க ஒரு பந்துகூட மேஜர் லீகில் வீசவில்லையே. மருத்துவ அறிக்கை அணிக்குத்தான் தெரியும். எனக்கு உண்மையில் வலித்த வர்த்தகம் 2022 ஆகஸ்டில் பேட்டர் டிரே மான்சினியை அனுப்பியது. பெருங்குடல் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர், 110 தோல்வியிலும் கூட நின்றவர். வைல்ட் கார்ட், அதாவது பிரிவில் முதலிடம் இல்லாமலே பிளேஆஃப் போகும் இடம், எட்டும் தூரத்தில் இருந்தது. நம் மைதானமான கேம்டன் யார்ட்ஸில் அவர் கடைசியாக அடித்த பந்து வெயிலில் ஃபீல்டர் கண்ணுக்குத் தப்பி, அவர் நான்கு பேஸும் ஓடி முடித்தார். மைதானமே அழுதது. அவரைக் கொடுத்த மறுநாளே லோபஸையும் அனுப்பினார்கள். அதில் போவிச், யெனியர் கானோ வந்தார்கள், கானோ 2023இல் ஆல்-ஸ்டார். கணக்குப்படி சரி. ஆனால் ஒரு அணியின் உள்ளறையில் மூத்தவர்கள் இல்லாமல் போனால் இளைஞர்களை யார் தேற்றுவது? 2025 ஏப்ரலில் எல்லோரும் சேர்ந்து தடுமாறியபோது அந்தக் குறை தெரிந்தது. அலோன்சோவை அதற்காகவும் வரவேற்கிறேன்.

இடக்கை:

மான்சினி விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன்.

புதுசு_ரசிகர்:

அலோன்சோ முதல் பேஸ்தானே? அப்படியானால் மேயோ எங்கே விளையாடுவார்? ரயன் மவுன்ட்கேசிலும் இருக்கிறாரே. பசாயோ கேட்சரா, ரட்ச்மன் கேட்சரா?

ஏட்டுக்கணக்கு:

சரியான கேள்வி. இனி இதுதான் சோதனை.

கேட்சர் இருவரும் மாறி மாறி ஆடலாம். ஒருவர் பிடிக்கும் நாளில் மற்றவர் டி.எச்., அதாவது அடிக்க மட்டும் இறங்குபவர். அப்படி வைத்தால் டி.எச். இடம் நிரம்பிவிடும். முதல் பேஸில் அலோன்சோ ஓய்வே எடுக்காதவர். மூன்றாம் பேஸ் வெஸ்ட்பர்க். ஆக, மேயோவுக்கும் மவுன்ட்கேசிலுக்கும் இடமே இல்லை. அவுட்ஃபீல்டில் வார்டு, கவுசர், பீவர்ஸ், டைலர் ஓனீல். கியர்ஸ்டாட் வரிசைக்கு வெளியே. 2023இல் நார்ஃபோக்கில் நின்ற அதே நெரிசல் இப்போது பால்டிமோரிலேயே நிற்கிறது.

இடக்கை:

மேயோவை வைத்துக்கொண்டால் வாரத்துக்கு இரண்டு ஆட்டம்தான் கிடைக்கும். 24 வயதில் அது அவரை வீணாக்கும். 2025 செப்டம்பரில் தினமும் விளையாட விட்டபோது எப்படி அடித்தார் என்று பார்த்தோம். ஒரு நல்ல பிட்சருக்காகக் கொடுக்கலாம், இப்போதே. அவர் மதிப்பு இதைவிட ஏறாது. வெஸ்ட்பர்க்குக்குக் காயம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டே 2023இல் எல்லோரையும் வைத்திருந்தோம்.

மாங்குயில்77:

நான் மவுன்ட்கேசிலைக் கொடுத்துவிட்டு மேயோவை வைத்திருப்பேன். வெஸ்ட்பர்க் ஒரு முழு சீசன் காயமில்லாமல் ஆடியதே அரிது. மூன்றாம் பேஸில் மேயோவுக்கு எப்படியும் ஐம்பது அறுபது ஆட்டம் வரும்.

கேம்டன்_வாசி:

மூன்றாம் பேஸில் மேயோவின் தடுப்பாட்டம் போதாது, மாங்குயில். அதனால்தான் அவரை முதல் பேஸுக்கே நகர்த்தினார்கள். நான் இடக்கை சொல்வதை ஆதரிக்கிறேன். பாஸுக்காக நான்கு இளம் வீரர்களையும் ஒரு டிராஃப்ட் தேர்வையும் கொடுக்கத் துணிந்த எலியாஸ், அதே துணிச்சலை மேயோவிடமும் காட்டட்டும். ரொட்டேஷனில் ராஜர்ஸ், பிராடிஷ், பாஸ், கிரேமர், அப்புறம் மீண்டும் ஒப்பந்தமான எஃப்ளின். இதில் பாதிப் பேர் முழங்கையோ முதுகோ பழுதுபார்த்தவர்கள். ஆறாவதாக ஒருவர் வேண்டும், போவிச்சை மட்டும் நம்பி ஏப்ரலுக்குப் போக முடியாது.

தெற்கு_வாசல்:

பாஸ் எண்களைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 4.87 என்பது மோசமாகத் தெரியும். ஆனால் 2025இல் டாம்பா அணி கூரை பறந்த சொந்த மைதானத்தை விட்டு, யாங்கீஸின் வசந்தகாலப் பயிற்சி மைதானத்தில் ஆடியது. அங்கே பந்து எளிதாக வேலியைத் தாண்டும். வெளியூர் ஆட்டங்களில் அவர் நன்றாகவே வீசினார். ஆறாவது பிட்சரைவிட, ஹெண்டர்சனிடம் பேசத் தொடங்குவது அவசரம் என்பது என் கருத்து. போராஸ் மாட்டேன் என்பார். இருந்தாலும் கேட்க வேண்டும், பெரிய தொகையோடு கேட்க வேண்டும்.

கேம்டன்_வாசி:

அதைக் கேட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தால் நானே புது இழை தொடங்குகிறேன். மேயோ பற்றி மற்றவர்களும் சொல்லுங்கள். வைத்துக்கொள்வதா, கொடுப்பதா? கொடுத்தால் எந்த அணியிடம் கேட்பது?